ட்ரம்புக்குக் கொரோனா: நம்ம மலையில் யார் சிரித்தது, யார் வருத்தப்பட்டது?

டீக்கடை மகன் (கோத்தகிரி) | 3 அக்டோபர் 2020, இரவு 7:40

நேற்று காந்தி ஜெயந்தி. டாஸ்மாக் மூடல், கிராம சபைக் கூட்டமும் ரத்து, மேகம் வேறு ரோடு வரைக்கும் இறங்கி நின்றது. ஆக எங்கள் கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம். கூட்டம் என்றதும் யாரும் அடிக்க வராதீர்கள், பெஞ்சை எடுத்து உள்ளே போட்டு மாதக்கணக்காகிறது. எல்லாரும் வாசலில் நின்றபடி பேப்பர் கப்பில்தான் குடிக்கிறார்கள். மாஸ்க் எல்லாருக்கும் உண்டு, தாடையில்.

பத்தரை மணி இருக்கும். டிவியில் சிவப்புப் பட்டையில் ஓடியது: அமெரிக்க அதிபர் ட்ரம்புக்கும் மனைவி மெலனியாவுக்கும் கொரோனா. ஒரு நொடி யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் களுக்கென்று சிரித்தார், அது அப்படியே பரவிவிட்டது. வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "எந்த ஆஸ்பத்திரி? கவர்மென்ட்டா, பிரைவேட்டா?" இன்னொருவர், "எலெக்சன் நேரம், அனுதாப ஓட்டு விழும் பாருங்க" என்றார். அடுத்த மாதம் அங்கே தேர்தல் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கே ஆச்சரியம்.

இன்று காலை அதே டிவி, அதே பட்டை. நம் நாட்டில் கொரோனாவில் இறந்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று ஓடியது. அதற்கு யாரும் கப்பைக் கீழே வைக்கவில்லை. எங்க அப்பா மட்டும் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

நேற்று நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தால் சரியாகப் பிடிபடவில்லை. உங்கள் பக்கம் எப்படி?


மேரக்காய் (குன்னூர்) | 3 அக்டோபர், இரவு 7:58

எங்கள் வீட்டில் மாமியார் செய்தியைக் கேட்டதும் சொன்னது: "அந்த ஆளு மாஸ்க்கே போட மாட்டேங்கறான்னு நான் அப்பவே சொன்னேன்ல?" ஏதோ பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்வது மாதிரி. 29ஆம் தேதி விவாத மேடையில் பைடனைப் பார்த்து, எப்போது பார்த்தாலும் பெரிய மாஸ்க்கோடு வந்து நிற்கிறார் என்று கிண்டல் பண்ணினாரே, அந்தத் துண்டு எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் நேற்று மட்டும் ஆறு தடவை வந்துவிட்டது. கூடவே, கபசுரக் குடிநீரை பார்சல் பண்ணி வாஷிங்டனுக்கு அனுப்பலாமா என்று ஒரு மீம்.


கோபக்காரன் | 3 அக்டோபர், இரவு 8:05

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]


நெறியாளர் | 3 அக்டோபர், இரவு 8:21

அரசியல் பேசுங்கள், திட்டுங்கள், கிண்டலும் பண்ணுங்கள். யாரும் சாகவேண்டும் என்று மட்டும் இங்கே எழுதாதீர்கள், அவர் யாராக இருந்தாலும் சரி. ட்விட்டரே நேற்று அப்படிப்பட்ட பதிவுகளை எடுத்துவிடுவோம் என்று அறிவித்திருக்கிறது.


கோபக்காரன் | 3 அக்டோபர், இரவு 8:47

ட்விட்டர் சொன்னதும் அங்கேயுள்ள சில பெண் எம்.பி.க்கள் என்ன கேட்டார்கள் என்றும் போடுங்கள் நெறியாளரே. எங்களுக்கு இதே மிரட்டல் வந்தபோதெல்லாம் இந்த விதி எங்கே போயிருந்தது என்று கேட்டார்கள். பெரிய ஆளுக்கு வந்தால்தான் சட்டம் கண் விழிக்கும்.

சரி, எழுதியதை எடுத்துவிட்டீர்கள், விடுங்கள். ஏன் எழுதினேன் என்று சொல்லலாம் அல்லவா?

என் தாய்மாமா காரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போய்வருபவர். ஜூலையில் காய்ச்சல். "சாதா சளிடா, இங்க எப்பவும் வர்றதுதான" என்று நாலு நாள் வண்டியை எடுத்தார். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. கீழே கொண்டுபோனோம். ஒன்பதாம் நாள் போன் வந்தது. உடலை வீட்டுக்குத் தரவில்லை. மின்மயான வாசலில், கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வெள்ளை உடுப்பு போட்ட நாலு பேர். மாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பைக்குள் இருந்தது மாமாதானா என்று அத்தை இன்றைக்கும் கேட்கிறாள்.

அந்த "சாதா சளி" பேச்சு எங்கிருந்து வந்தது? பிப்ரவரியில், அதிசயம் மாதிரி ஒருநாள் தானே மறைந்துபோகும் என்று சொன்ன மனிதர் இவர். அதே பிப்ரவரியில் ஒரு பத்திரிகையாளரிடம், இது கடுமையான ஃப்ளூவைவிடக் கொடியது என்று டேப்பில் ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்த டேப் போன மாதம்தான் வெளியே வந்தது. தெரிந்தே குறைத்துச் சொன்ன மனிதருக்கு நான் "விரைவில் குணமாக" என்று பூச்செண்டு அனுப்பவேண்டுமா?


மேரக்காய் (குன்னூர்) | 3 அக்டோபர், இரவு 9:02

அண்ணே, மாமா விஷயம் தெரியாமல் மீம் பேச்சு பேசிவிட்டேன். மன்னிக்கணும்.


பழைய பள்ளிக்கூடம் (ஊட்டி) | 3 அக்டோபர், இரவு 9:30

கோபக்காரன் தம்பி, உங்கள் கோபத்தை யாரும் பிடுங்க முடியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். மாமா ட்ரம்ப் பேச்சைக் கேட்டா வண்டி எடுத்தார்? வண்டி எடுக்காவிட்டால் அந்த மாதத் தவணை கட்ட முடியாது என்பதால் எடுத்திருப்பார். நம் ஊரில் சளியோடு வேலைக்குப் போன முக்கால்வாசிப் பேர் கதை அதுதான்.

எனக்கு இந்தச் செய்தியைக் கேட்டதும் ஞாபகம் வந்தது 1984. அக்டோபர் 5, எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊட்டி மாரியம்மன் கோவில் வாசலில் மொட்டையடித்துக்கொண்ட ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குளிரில் காலையில் ஈரத்துணியோடு ஒரு பெண் அங்கப்பிரதட்சணம் செய்தாள், பல் தந்தியடித்தது. சினிமாக் கொட்டகையில் படம் தொடங்கும் முன் அவருக்காகப் பிரார்த்தனைப் பாட்டு ஓடும், சனம் எழுந்து நின்று கும்பிடும். தீக்குளித்தவர்கள்கூட உண்டு, அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நவம்பரில் அவரைத் தனி விமானத்தில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் அவர் இருக்கும் வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பிரச்சாரத்துக்கே வராமல் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். அந்த அனுதாப ஓட்டைக் கண்ணால் பார்த்த ஊர் நம் ஊர், ஆகவே டீக்கடையில் அந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். எம்.ஜி.ஆருக்கு வந்த நோய் அவருடைய நோய். தெருவில் எல்லாருக்கும் வந்துகொண்டிருக்கும் நோய் தலைவருக்கும் வரும்போது சனத்தின் மனம் வேறு மாதிரி வேலை செய்கிறது. 1918இல் பிரிட்டிஷ் பிரதமர் லாய்ட் ஜார்ஜ் மான்செஸ்டரில் ஃப்ளூவில் படுத்தார், அங்கே டவுன் ஹாலிலேயே வைத்து வைத்தியம் நடந்தது. யுத்த காலம் என்று பத்திரிகைகள் அடக்கி வாசித்தன. மறுவருடம் ஏப்ரலில் பாரிஸில் அமைதிப் பேச்சின் நடுவே அமெரிக்க அதிபர் வில்சன் படுத்தார், ஏதோ சளி என்றே வெளியே சொன்னார்கள். சனங்கள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தெரிந்தால்தானே?

(இன்னொன்று. காந்திக்கு ஸ்பானிஷ் ஃப்ளூ வந்தது என்று ஜெயந்திக்கு ஜெயந்தி வாட்ஸப்பில் சுற்றுகிறது. 1918 ஆகஸ்டில் அவரைப் படுக்கையில் தள்ளியது சீதபேதி. அதற்குப் பிறகுதான் ஆட்டுப்பாலுக்கு ஒத்துக்கொண்டார். வாத்தியார் புத்தி, திருத்தாமல் இருக்க முடியவில்லை.)


எடிசன் வாசி (நியூ ஜெர்சி, சொந்த ஊர் கட்டபெட்டு) | 4 அக்டோபர், அதிகாலை 4:15

இங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ட்ரம்ப் வியாழக்கிழமை எங்கள் மாநிலத்துக்கு வந்தார், பெட்மின்ஸ்டரில் அவருடைய கோல்ஃப் கிளப்பில் நிதி திரட்டும் கூட்டம். அன்று நள்ளிரவு தாண்டித்தான், தனக்குக் கொரோனா என்ற அந்த ட்வீட். அந்தக் கூட்டத்துக்குச் சமைத்துப் பரிமாறிய ஆட்களை யார் கூப்பிட்டுச் சொன்னார்கள் என்பதுதான் எங்கள் ஆபீஸில் இருந்த ஒரே கேள்வி.

வெளியே யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. உள்ளே வேறு கதை. அடுத்தவர் துன்பத்தில் வரும் சந்தோஷத்துக்கு ஜெர்மன் மொழியில் ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடி இங்கே மெரியம்-வெப்ஸ்டர் அகராதியின் தளத்தில் அன்று ஒரே கூட்டமாம். அகராதிக்காரர்களே சொல்கிறார்கள்.


மேரக்காய் (குன்னூர்) | 4 அக்டோபர், காலை 6:50

அதற்கு எதற்கு ஜெர்மன் அகராதி? "நல்லா வேணும்". முடிந்தது.


ஒன்பதாவது கொண்டை ஊசி (டாக்ஸி, குன்னூர்) | 4 அக்டோபர், காலை 7:35

சிரிப்பு, அழுகை எல்லாம் இருக்கட்டும். நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு ட்ரம்பின் டாக்டர் பேசியதைக் கேட்டீர்களா? ஆஸ்பத்திரி வாசலில் பத்து வெள்ளைக் கோட்டு வரிசையாக நிற்கிறது. நிருபர் கேட்கிறார், அதிபருக்கு ஆக்சிஜன் வைத்தீர்களா? டாக்டர் சொல்கிறார், இப்போது வைக்கவில்லை. நேற்று வைத்தீர்களா? இன்று வைக்கவில்லை. வியாழக்கிழமை? வியாழக்கிழமை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் நழுவிக்கொண்டே போகிறது. அவர் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் அதிபரின் ஆளே நிருபர்களிடம், நிலைமை கவலைக்கிடமாக இருந்தது என்கிறார்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் படத்தை நாம 2016லேயே பார்த்துவிட்டோமே!

செப்டம்பர் 22 ராத்திரி ஜெயலலிதா அம்மாவை அப்போலோவில் சேர்த்தார்கள். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு. அப்புறம் வழக்கமான உணவு சாப்பிடுகிறார். அப்புறம் இடைத்தேர்தல் படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் கைரேகை. எழுபத்தைந்து நாள். எனக்கு அப்போது கொடநாடு பக்கம் தினமும் ட்ரிப். முதலமைச்சர் வந்து தங்கி ஃபைல் பார்த்த ஊர், ஆகவே எங்களுக்கு ஏதாவது உள்விவரம் தெரியும் என்று டூரிஸ்ட்டுகளுக்கு நினைப்பு. ஏறி உட்கார்ந்ததும், "ஏங்க, உண்மையில எப்படி இருக்காங்க?" எனக்கு என்ன தெரியும்? நான் பார்த்தது வெளி கேட்டை மட்டும். ஆனாலும் நானும் ஏதாவது சொல்வேன். டாக்ஸிக்காரன் தெரியாது என்று சொன்னால் மரியாதை இல்லை. வதந்தி பரப்பியதாக ஆட்களைக் கைது பண்ண ஆரம்பித்ததும்தான் வாயை மூடினேன்.

கடைசியில் ஒரு அமைச்சரே மேடையில் நின்று, இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய் என்று மன்னிப்புக் கேட்டார். விசாரணை ஆணையம் இன்னும் நீட்டிப்பு வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே அமெரிக்கக்காரர்களே, டாக்டர் "நல்ல உற்சாகமாக இருக்கிறார்" என்று சொன்னால் எங்களைக் கேளுங்கள், அதற்கு அர்த்தம் சொல்கிறோம்.


ஹட்டிப் பையன் | 4 அக்டோபர், காலை 9:10

அண்ணா, ஒன்பது நாளைக்கு முன்னால் எஸ்.பி.பி. போனாரே, அதை யாரும் சொல்லவில்லை. அவர் தலைவர் இல்லைதான், ஆனால் எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், எந்தத் தலைவருக்கும் இவ்வளவு பேர் வாசலுக்கு வந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 20, மாலை ஆறு மணிக்குக் கூட்டுப் பிரார்த்தனை என்று சொன்னார்கள். எங்க அவ்வைக்குத் தமிழ்ப் பாட்டு பாதி புரியாது, அவரும் விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய மகன் அடிக்கடி வீடியோவில் வந்து இன்றைக்கு இப்படி இருக்கிறார் என்று நேராகச் சொன்னார். நல்லதும் சொன்னார், மோசமானதும் சொன்னார். அதனால்தான் கடைசி நாளில் யாரும் "எப்போதோ போய்விட்டார், மறைத்தார்கள்" என்று எங்கள் ஊரில் பேசவில்லை. அழுதார்கள், அவ்வளவுதான்.

ஒரு குடும்பத்தால் முடிந்தது ஒரு அரசாங்கத்தால் ஏன் முடிவதில்லை?


பழைய பள்ளிக்கூடம் (ஊட்டி) | 4 அக்டோபர், காலை 9:48

குடும்பத்துக்குத் தேர்தல் கிடையாது தம்பி.


பந்தலூர் அக்கா | 4 அக்டோபர், மதியம் 2:20

எல்லாரும் பெரிய இடத்துப் பேச்சாகப் பேசுகிறீர்கள். நான் எங்கள் லைனில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்க வீட்டுக்காரருக்கு ஜூலை கடைசியில் பாசிட்டிவ். எங்களுடையது லைன் வீடு, ஒரே கூரைக்குக் கீழே பத்துக் குடும்பம், ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் ஆள். 108 வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போன அரைமணி நேரத்தில் நாலு பேர் தகரத்தோடு வந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசல் நிலையில் தகரத்தை வைத்து ஆணி அடித்தார்கள். உள்ளே நானும் என் மகளும். குழாய் தகரத்துக்கு அந்தப் பக்கம். தண்ணீருக்கு என்ன செய்வது என்று உள்ளேயிருந்து கத்தினேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

முதல் நாள் யாரும் வரவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் கண்டியிலிருந்து ஒரே கப்பலில் வந்த குடும்பங்கள் இவை. என் கல்யாணத்துக்கு இலை போட்ட கைகள். பக்கத்து வீட்டில் சாம்பார் தாளிக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது, ஒரு குரல் கேட்கவில்லை. இரண்டாம் நாள் விடியற்காலையில் தகரத்தில் டங் என்று ஒரு சத்தம். இடுக்கு வழியாகப் பார்த்தால் ஒரு குடம் தண்ணீர். வைத்தது யார் என்று தெரியவில்லை. பதினாலு நாளும் அப்படித்தான் வந்தது. யார் என்று இன்றுவரைக்கும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் குணமாகி வந்தார். தகரத்தைப் பிடுங்கிவிட்டார்கள். நிலையில் ஆறு ஆணி ஓட்டை. தீக்குச்சியைச் செருகி மெழுகை உருக்கி அடைத்தேன், அப்படியும் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை ட்ரம்ப் செய்தி வந்ததும் லைனில் எல்லாரும் வெளியே வந்து பேசினார்கள். பாவம் என்றது ஒரு வீடு, திமிர் என்றது ஒரு வீடு. நான் ஒன்றும் பேசவில்லை. என் மகள், ஏழு வயது, கேட்டாள்: "அம்மா, வெள்ளை மாளிகைக்கு எவ்வளவு தகரம் வேணும்?"

அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள்.


கோபக்காரன் | 4 அக்டோபர், மாலை 5:05

அக்கா. உங்கள் பதிவை என் அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.


லண்டன் ஷிஃப்ட் (செவிலியர், சொந்த ஊர் கூடலூர்) | 4 அக்டோபர், இரவு 8:40

நீண்ட நாள் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நான் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். பிரதமர் ஜான்சன் ஐ.சி.யூ.வில் இருந்த ஆஸ்பத்திரி அல்ல.

ஏப்ரல் 6, திங்கட்கிழமை. அவரை ஐ.சி.யூ.வுக்கு மாற்றிய செய்தி வந்தபோது நான் நைட் ஷிஃப்ட். மார்ச் தொடக்கத்தில், ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாரிடமும் கை குலுக்கினேன் என்று பெருமையாகச் சொன்னவர் அவர். எங்களுக்கோ போட்டுக்கொள்ளக் கவுன் பற்றாக்குறை. அதற்கு முந்தின வாரம் வரைக்கும் எங்கள் ஓய்வறையில் அவரைத் திட்டாத ஆள் இல்லை. அந்த ராத்திரி யாரும் "நல்லா வேணும்" என்று சொல்லவில்லை. நாங்கள் நல்லவர்கள் என்பதால் அல்ல. ஐ.சி.யூ. என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். பெயரைக் கேட்டதும் முகம் வராது, பெட் வரும், குழாய் வரும், குப்புறப் போட்டுப் படுக்க வைக்க எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு வரும்.

மறுநாள் மாலை அவருக்காகக் கைதட்டுங்கள் என்று ஒரு அழைப்பு சுற்றியது. வியாழக்கிழமைகளில் எங்களுக்குக் கைதட்டியதோடு ஒப்பிட்டால், என் தெருவில் அன்றைக்குச் சத்தம் கொஞ்சம்தான். ஈஸ்டர் அன்று, 12ஆம் தேதி வீடு திரும்பினார். வீடியோவில், எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டு, இரவெல்லாம் பக்கத்தில் நின்ற இரண்டு செவிலியரைப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். ஒருவர் நியூசிலாந்து, ஒருவர் போர்ச்சுகல். எங்களோடு வேலை பார்க்கும் ஒரு பிலிப்பைன்ஸ் அக்கா அழுதேவிட்டார்.

இதற்குப் பின்னால் நடந்ததுதான் எனக்கு முக்கியம். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்கள், எங்கள் வரிக்கு மேலே, மருத்துவக் கட்டணம் என்று தலைக்கு வருடம் 400 பவுண்டு தனியாகக் கட்டவேண்டியிருந்தது. அதை எடுங்கள் என்று மே 20 அன்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். முடியாது, அந்தப் பணம் தேவை என்றார் அதே ஜான்சன். நன்றி சொல்லி அப்போது ஆறு வாரம்கூட ஆகவில்லை. நாடே கொதித்ததும் மறுநாள் பின்வாங்கினார், எங்களுக்கு அது ரத்தானது.

ஆகவே கோபக்காரன் அண்ணே, ஆள் பிழைத்தால்தான் அவரிடம் கேட்க முடியும். செத்துப்போயிருந்தால் அந்தக் கட்டணத்தை யாரிடம் கேட்டிருப்போம்? சிலைக்கு மாலை போட்டிருப்போம்.


லேப் கோட் (குன்னூர்) | 4 அக்டோபர், இரவு 10:35

இப்போதுதான் அந்த டாக்டர் மறுபடி பேசினார். ஆக்சிஜன் இரண்டு தடவை இறங்கியதாம், வெள்ளிக்கிழமை வைத்தார்களாம். நேற்று ஏன் சொல்லவில்லை என்றதற்கு, சிகிச்சைக் குழுவின் உற்சாகமான மனநிலையைக் காட்ட நினைத்தேன் என்றார். டாக்ஸி அண்ணன் சொன்னது சரியாகப் போய்விட்டது.

டெக்சாமெதசோன் தொடங்கியிருக்கிறார்கள் என்பது கவனிக்கவேண்டிய செய்தி. இங்கே மெடிக்கலில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பழைய ஸ்டீராய்டு. ஜூனில் இங்கிலாந்தில் நடந்த பெரிய சோதனையில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. லேசாக வந்தவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை, கெடுதலாகக்கூட முடியலாம். அதனால் அறிக்கையை விடுங்கள், மருந்துச் சீட்டைப் படியுங்கள். மருந்துச் சீட்டு பொய் சொல்லாது.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கவேண்டாம். நாளைக்கே நாலு பேர் வந்து கேட்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.


மேரக்காய் (குன்னூர்) | 5 அக்டோபர், காலை 7:15

கார் வீடியோ பார்த்தீர்களா? ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து, கண்ணாடி ஏற்றிய காரில் ஒரு ரவுண்டு, வாசலில் நின்ற ஆதரவாளர்களுக்குக் கையசைப்பு. காருக்குள் இரண்டு பாதுகாவலர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கூடவே மூச்சு விட்டுக்கொண்டு. அதே ஆஸ்பத்திரியோடு தொடர்புள்ள ஒரு டாக்டர், அந்தக் காரில் இருந்தவர்களெல்லாம் இனிப் பதினாலு நாள் தனியாக இருக்கவேண்டும், எதற்காக இந்த நாடகம் என்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டார்.

பந்தலூர் அக்கா வீட்டில் தண்ணீர்க் குழாய்க்குப் போக வழி இல்லை. இவருக்கு நகர்வலம்.


ஒன்பதாவது கொண்டை ஊசி (டாக்ஸி, குன்னூர்) | 5 அக்டோபர், காலை 7:40

அந்த வண்டி ஓட்டினவன் வீட்டில் என்ன சொல்லியிருப்பான் என்றுதான் எனக்கு நினைப்பு. இ-பாஸ் வாங்கிக்கொண்டு வரும் பார்ட்டியை ஏற்றும்போது நானும் நாலு கண்ணாடியையும் இறக்கிவிடுவேன். குளிருது, ஏத்துங்க என்பார்கள். ஏற்ற மாட்டேன். அந்த டிரைவரால் அப்படிச் சொல்ல முடியுமா?


டீக்கடை மகன் (கோத்தகிரி) | 6 அக்டோபர், காலை 8:20

வீட்டுக்கு வந்துவிட்டார். நம் நேரத்துக்கு விடிகாலை நாலு மணி. மாடியில் ஏறி நின்று மாஸ்க்கைக் கழற்றி சல்யூட் அடிக்கிறார். அதற்கு முன்னாலேயே ட்வீட்: கோவிடுக்குப் பயப்படாதீர்கள், அது உங்கள் வாழ்க்கையை ஆள விடாதீர்கள்.

கடையில் இன்றைக்கு ரகளை. பாதிப் பேர் பல்லைக் கடிக்கிறார்கள், பாதிப் பேர் "ஆம்பளைடா" என்கிறார்கள்.


லேப் கோட் (குன்னூர்) | 6 அக்டோபர், காலை 8:55

வீட்டு முற்றத்திலிருந்து ஹெலிகாப்டர், சுற்றி ஒரு டஜன் டாக்டர், இன்னும் அனுமதியே கிடைக்காத ஆன்டிபாடி மருந்து 8 கிராம், ரெம்டெசிவிர், ஸ்டீராய்டு. இவ்வளவையும் ஏற்றிக்கொண்டு வந்து பயப்படாதே என்றால்? அவர் நாட்டிலேயே இரண்டு லட்சத்துக்கும் மேல் போய்விட்டார்கள். அந்தக் குடும்பங்கள் இதைப் படிக்காதா?


பந்தலூர் அக்கா | 6 அக்டோபர், காலை 10:30

லேப் கோட் தம்பி சொல்வது நியாயம். ஆனாலும் நான் ஒன்று சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள். "பயப்படாதே" என்று ஜூலையில் யாராவது எங்கள் லைனில் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எங்களை அழவைத்தது நோய் இல்லை, பயம். எங்க வீட்டுக்காரருக்கு அடுத்து லைனில் இன்னும் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. தகரத்துக்குப் பயந்து யாரிடமும் சொல்லாமல் கஷாயம் குடித்துக்கொண்டு இலை பறிக்கப் போனார்கள். மறைத்ததில் நல்லவேளை யாரும் சாகவில்லை.

சொன்ன ஆள்தான் தப்பு. சொல் தப்பில்லை.


ஹட்டிப் பையன் | 6 அக்டோபர், காலை 11:15

அக்கா, எங்கள் பக்கம் தலைகீழ். பயமே இல்லாமல் சாவுக்குக் கூட்டம் கூடினோம். சாவு என்றால் சுற்றுப்பட்டு ஹட்டி எல்லாம் வரவேண்டும், வராவிட்டால் அது காலத்துக்கும் நிற்கும். கூடாதீர்கள் என்று கலெக்டர் எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. அப்புறம் வரிசையாகக் காய்ச்சல். கொஞ்சம் பயந்திருந்தால் நல்லது என்பேன்.


பழைய பள்ளிக்கூடம் (ஊட்டி) | 6 அக்டோபர், மதியம் 12:40

பிரேசில் அதிபர் போல்சனாரோவையும் மறந்துவிடவேண்டாம். "சின்ன ஃப்ளூ" என்று மார்ச்சில் சொல்லி, ஜூலை 7ஆம் தேதி தனக்கே வந்துவிட்டது என்று நிருபர்கள் முன்னால் மாஸ்க்கைக் கழற்றிச் சொன்னவர். அவர் ஏன் செத்தால் நல்லது என்று அங்கே ஒரு பெரிய நாளிதழில் ஒருவர் கட்டுரையே எழுதினார். அரசு எழுதியவர்மீது விசாரணை என்று கிளம்பியது. அதிபர் பிழைத்து வந்து, பார்த்தீர்களா, ஒன்றுமில்லை என்றார். மூன்று பேரில் ஜான்சன் ஒருவர்தான் படுத்து எழுந்ததும் தொனி கொஞ்சம் மாறினார், அதுவும் லண்டன் ஷிஃப்ட் சொன்ன அளவுக்கு. நோய் வந்தால் தலைவர்கள் திருந்துவார்கள் என்று நம்மில் பலர் உள்ளூர நினைத்தோம். நானும் நினைத்தேன். இந்த வயசில் எனக்கு அந்த ஆசை வந்திருக்கக் கூடாது.


கோபக்காரன் | 6 அக்டோபர், இரவு 9:20

ஆள் குணமாகிவிட்டார். வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. நாலு நாள் அந்த மனிதரின் மூச்சை நான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். மாமா மூச்சை யாரும் எண்ணவில்லை என்பதுதான் உறுத்துகிறது. ஐந்நூறோ ஆயிரமோ, ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி ஒன்று வீட்டில் இருந்திருந்தால் நாலாம் நாளே தெரிந்திருக்கும் என்று மாமாவைப் பார்த்த டாக்டர் சொன்னார். அது கோத்தகிரியில் எங்கே நல்லதாகக் கிடைக்கும்? அத்தை வீட்டுக்கு ஒன்று வாங்கணும்.


லேப் கோட் (குன்னூர்) | 6 அக்டோபர், இரவு 9:45

பெரிய மெடிக்கல் எதிலும் கிடைக்கும் அண்ணே. வாங்கியதும் முதலில் உங்கள் விரலில் மாட்டிப் பாருங்கள். நாம் மலையில் இருக்கிறோம், ஊட்டி 2,240 மீட்டர். கீழே இருப்பவர்களைவிட ஒன்றிரண்டு புள்ளி குறைவாகக் காட்டலாம், அதற்குப் பயப்படவேண்டாம். நல்லா இருக்கும்போது எவ்வளவு என்று எழுதி வையுங்கள், அதிலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள். 94க்குக் கீழே நின்றால் டாக்டரிடம் போங்கள். இன்னொன்று, விரல் சில்லென்று இருந்தால் கருவி தப்பாகக் காட்டும். நகப்பூச்சு இருந்தாலும் அப்படித்தான். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள்.


டீக்கடை மகன் (கோத்தகிரி) | 9 அக்டோபர், மாலை 6:15

லேப் கோட் எழுதியதைப் பார்த்து அப்பா ஒன்று வாங்கிவிட்டார். கல்லாப்பெட்டி பக்கத்தில், சானிட்டைசரோடு கயிறு கட்டித் தொங்குகிறது. துடைத்துவிட்டு யாரும் பார்த்துக்கொள்ளலாம், காசு கிடையாது. கோபக்காரன் அண்ணன் நேற்று கடைக்கே வந்திருந்தார். பெயர் சொல்லாமல் டீ குடித்துவிட்டு, விரலை வைத்துப் பார்த்துவிட்டு, போகும்போதுதான் "நான்தான் அது" என்றார்.

இன்று காலை அந்த வர்க்கிப் பெரியவர் வந்தார். மழைத் தூறலில் நனைந்த கை. மாட்டினார், 88 என்று காட்டியது. கடையே அமைதி. அப்பா ஒன்றும் பேசாமல் சூடாக ஒரு டீயைக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடிச்சுக்குங்க என்றார். குடித்து முடித்து, கையைத் தேய்த்துக்கொண்டு மறுபடி மாட்டினார். 95.

"ட்ரம்ப்புக்கு எவ்வளவு இருந்துச்சாம்?" என்றார்.

வெள்ளிக்கிழமை எவ்வளவு வரைக்கும் இறங்கியது என்று அவர் டாக்டர் சரியாகச் சொல்லவே இல்லைங்க என்றேன்.

"அப்ப கவர்மென்ட் ஆஸ்பத்திரிதான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு வர்க்கி கேட்டார்.